பிரேக்கண்ணன் ஒட்டிய விரிப்பு

காவல்துறை வாகனப் பணிமனையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே தெரியாது. "பிரேக்கண்ணன் எங்க?" என்று கேட்டால்தான் மூன்றாவது கொட்டகையை நோக்கி விரல் நீளும். அங்கே ஏதாவது ஒரு வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, குட்டை முக்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டவுடன் திரும்பிவிட மாட்டார். கையில் இருக்கும் போல்ட்டை முறுக்கி முடித்த பிறகுதான் தலை திரும்பும். உயரதிகாரி வந்து நின்றாலும் இதே கதைதான். இதற்காக இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறார், திருந்தவில்லை.

ரோந்து வண்டி புதிதாக வந்து இறங்கும்போது சாதுவாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு போகும் காருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இதன் பிழைப்பே வேறு. வீட்டுக் கார் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் ஓடிவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மூன்று ஷிப்டும் ஆள் மாற்றி ஆள் ஏறுவார்கள். என்ஜினை அணைக்காமல் தெருமுனையில் மணிக்கணக்காக நிறுத்தி வைப்பார்கள். நின்ற இடத்திலிருந்து திடீரென்று யாரையோ துரத்திக்கொண்டு பாய வேண்டும், நடைபாதை விளிம்பில் ஏறி இறங்க வேண்டும், பாய்ந்த வேகத்திலேயே நிற்கவும் வேண்டும். அதனால் தொழிற்சாலையிலேயே இதற்கு ஸ்பிரிங் கனமாக, ரேடியேட்டர் பெரிதாக, கியர் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் குழாயோடு செய்து அனுப்புவார்கள்.

மீதி எல்லாம் பணிமனையின் கைவேலை. விளக்குக்கும் வயர்லெஸ்சுக்கும் இரண்டாவது பேட்டரி, முன்சீட்டின் முதுகுக்குள் இரும்புத் தகடு, நடுவில் கம்பித் தடுப்பு. பின்கதவின் உள்கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள், ஏறியவன் தானாக இறங்கக் கூடாதல்லவா. முன்சீட்டின் ஓரத்தை வெட்டி எடுப்பார்கள், இடுப்பில் அத்தனை சாமானைக் கட்டிக்கொண்டு உட்காருபவருக்கு அந்த இடம் வேண்டும். தரையில் கம்பளம் கிடையாது, வெறும் ரப்பர்தான். சேறு, ரத்தம், குடிகாரன் வாந்தி எதுவானாலும் குழாயைத் திறந்து அடித்துவிட்டுப் போகலாம்.

பிரேக்கண்ணனுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். "வேகமா யாரு வேணா போவாங்க. நிக்கணும்ல?" என்பது அவர் கட்சி. சாதாரண பிரேக்கை முழு வேகத்திலிருந்து நாலு தடவை அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிச் சோர்ந்துவிடும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இந்த வண்டிகளுக்கு அவர் தடித்த தட்டுகளையும் சூட்டுக்கு அசராத கட்டைகளையும் பொருத்துவார். பிறகு பணிமனைக்குப் பின்னால் உள்ள நீண்ட சாலையில் வெள்ளோட்டம். நூற்று நாற்பதில் போய் நிற்க வேண்டும், திரும்பவும் நூற்று நாற்பது, திரும்பவும் நிற்க வேண்டும். இப்படி மூச்சு விடாமல் பத்துத் தடவை. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருப்பார். பத்தாவது தடவையும் மிதி முதல் தடவை இருந்த உயரத்திலேயே இருந்தால்தான் கையெழுத்து. அப்படி ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒன்றுகூட அவர் பெயரைக் கெடுக்கவில்லை.

மிதிக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான். தண்ணீர் பாட்டில், டார்ச், குடை என்று எது கிடந்தாலும் எடுத்து வெளியே வீசுவார். ஒருமுறை ஒரு இன்ஸ்பெக்டரின் சாப்பாட்டு டப்பாவே பறந்தது. அந்த மனிதர் ஒரு மாதம் இவர் முகத்தில் விழிக்கவில்லை. "பேசலன்னா போகட்டும், உயிரோட இருக்காருல்ல?" என்றார் இவர்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். காவல்துறையில்தான் சேருவேன், அதிலும் வண்டி ஓட்டத்தான் சேருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது அம்மாதான் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். இவர் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், "ஓட்டட்டும். ஆனா நல்லா ஓட்டணும்" என்று மட்டும் சொன்னார். துரத்தல் பயிற்சியில் நாற்பது பேரில் அவள் முதலாவதாக வந்த அன்று இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சொன்னார், சொன்னவர்களிடமே திரும்பவும் சொன்னார்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகள் வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்னடி இது, அடுப்பு மேல ஏறி நின்னியா?" என்றாள் அம்மா.

"வண்டிதாம்மா. நாலு மணி நேரம் என்ஜின அணைக்காம நின்னோம். கீழ போற புகைக்குழாய்ச் சூடு அப்படியே தரை வழியா ஏறுது. பூட்ஸுக்குள்ள கால் வெந்துடுச்சு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. தினமும் பார்க்கிற வண்டி, தினமும் கை வைக்கிற தரை, அது சுடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாளே ஃபோர்மேனிடம் எழுதிக் கொடுத்தார். "பாக்கலாம்ணே" என்றார் ஃபோர்மேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதும் அதே "பாக்கலாம்ணே" தான்.

மகளுடைய வண்டி சர்வீசுக்கு வந்த அன்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பிரேக்கண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார். என்ஜின் சூடு உள்ளே வராமல் ஒட்டுகிற தடித்த விரிப்பில் ஒரு துண்டை வெட்டினார். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு அளவெடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, நாலு மூலையிலும் பசை தடவி அழுத்தினார். குண்டூசிச் சட்டம் அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. "தரைக்குத்தானே போடறேன், மிதிக்கா போடறேன்?" என்று அதன் வாயை அடைத்துவிட்டார். அன்று மாலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, வண்டில என்ன பண்ணின? காலு ஜில்லுன்னு இருக்கு!"

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, "என்ன, புதையல் கிடைச்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

நாலு மாதம் கழித்து, பகல் பதினோரு மணிக்கு வேறொரு போன் வந்தது.

திருட்டு வேன் ஒன்றை அவள் துரத்தியிருக்கிறாள். வேனிலிருந்து குதித்த ஒருவனைப் பிடிக்க, உடன் இருந்த காவலர் இறங்கி ஓட, இவள் தனியாக வேனுக்குப் பின்னால் போயிருக்கிறாள். ஒரு சந்திப்பில் பேருந்துக்காக ஆட்கள் நின்றிருந்தார்கள். வண்டி நிற்கவில்லை. ஆட்கள் பக்கம் போகாமல் திருப்பி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் சுவரில் கொண்டுபோய் மோதினாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?" என்பதுதான். இல்லை என்றதும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நொறுங்கிய வண்டி மூன்றாவது கொட்டகைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர் என்பதால் பிரேக்கண்ணன் அதைத் தொடக் கூடாது, கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், அவ்வளவுதான். சோதித்தவர் நெட்டையர். பேருந்துப் பணிமனையிலிருந்து மாற்றலாகி வந்த பிரேக் பிட்டர், ஆறடிக்கு மேல் உயரம், அதற்கு ஏற்ற பேச்சு கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேருக்கும் ஆகாது.

நெட்டையர் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். தட்டு, கட்டை, குழாய், எண்ணெய் எல்லாம் சரி. வண்டிக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் பெட்டியைத் திறந்தார்கள். மோதுவதற்கு முன் பிரேக் மிதி பாதிக்கு மேல் அழுத்தப்படவில்லை என்று அது சொன்னது.

"உங்க பிரேக் மேல ஒரு குத்தமும் இல்லண்ணே" என்று ஃபோர்மேன் அவர் தோளைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொண்ணுதான்... பதட்டத்துல முழுசா அழுத்தல போலருக்கு."

பிரேக்கண்ணன் கயிற்றின் மேல் எக்கி ஓட்டுநர் பக்கத் தரையைப் பார்த்தார். வெறும் ரப்பர். அதில் நாலு மூலையிலும் காய்ந்த பசை. விரிப்பைக் காணோம். நாலு மாதச் சூட்டில் பசை விட்டிருக்கிறது. விரிப்பு நழுவி மிதிக்கு அடியில் போய்ச் சுருண்டிருக்கிறது. அவள் முழு பலத்தோடு அழுத்தியும் மிதி பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"இங்க என்ன பசை?" என்று கேட்டார் நெட்டையர்.

"தெரியலையே" என்றது இவர் வாய். முப்பது வருடத்தில் அந்தக் கொட்டகையில் அவர் சொன்ன முதல் பொய் அது. நெட்டையர் அவரை ஒரு கணம் பார்த்தார், குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனால் கொல்லையில் கொடிக்கயிற்றில் மகளின் சீருடைச் சட்டைக்கும் தலையணை உறைக்கும் நடுவே அந்த விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கிளிப் போட்டு, சொட்டச் சொட்ட.

"ஆஸ்பத்திரில குடுத்த துணி மூட்டைல சட்டைக்குள்ள சுருட்டி வச்சிருந்தா. உங்க பணிமனைச் சாமானாச்சேன்னு சோப்புப் போட்டு அலசிட்டேன்" என்றாள் மனைவி. "எதுக்குங்க இப்படிப் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

அவர் உள்ளே போனார். அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மகள் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். விரிப்பைப் பார்த்துவிட்டார் என்பது அவர் வந்து நின்ற நிலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே குனிஞ்சு இழுத்து எடுத்துட்டேன்பா. கால் தவறிடுச்சுன்னு எழுதியும் குடுத்துட்டேன். முடிஞ்சுபோச்சு. நீ வாயத் திறக்காத."

"இனிமே உன்ன ஓட்ட விட மாட்டாங்கம்மா."

"மேசை வேலை குடுப்பாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்து முத்திரை குத்தறேன். காலும் சுடாது." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "உனக்கு இன்னும் ரெண்டே வருஷம்பா. அந்தக் கொட்டகைல உன் பேரு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். அது என்னால போகக் கூடாது."

"உன்னாலயா? நான் ஒட்டினதும்மா அது!"

"எனக்காகத்தானே ஒட்டின?"

கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட மனைவி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கரண்டியை நீட்டிக்கொண்டு பொரிந்து தள்ளினாள். "அப்பனும் மகளும் போட்டி போட்டுப் பொய் சொல்லுங்க, நல்லா இருக்கு. எனக்கு அவ வண்டி ஓட்டறது இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல. ஆனா சைரன் சத்தம் கேக்கறப்ப அவளப் பாத்திருக்கீங்களா? பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

மறுநாள் பார்த்தார். தெருமுனையில் ஒரு ரோந்து வண்டி கத்திக்கொண்டு போயிற்று. கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளின் கை போர்வைக்கு மேல் அசைந்தது, கியர் மாற்றுகிற கை. சந்திப்பில் சத்தம் வளையும் நேரத்தில் நல்ல காலான வலது கால் கட்டில் சட்டத்தில் போய் அழுத்தியது, முழுசாக, விரல் வெளுக்கும்வரை. சத்தம் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிரேக்கண்ணன் கொல்லைப் பக்கம் போய்க் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது மனைவி பார்த்தது அன்றைக்குத்தான்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு எழுத்தர். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு மகள் உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு அப்பா உள்ளே வந்ததும் அவள் முகம் வெளிறியது. "வேணாம்பா" என்று உதடு மட்டும் அசைந்தது.

அவர் பொட்டலத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். வெட்டியது, ஒட்டியது, பசை விட்டது, நெட்டையரிடம் தெரியாது என்று சொன்னது வரை. அதிகாரி விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குப் பிரேக் போட்டிருப்பீங்க?"

"ஆயிரத்து நூறு இருக்கும்ங்க."

"இந்த மாதிரி விரிப்பு எத்தனை வண்டிக்குப் போட்டீங்க?"

"இது ஒண்ணுக்குத்தாங்க."

"ஏன்?"

அவர் எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். வெப்பம், புகைக்குழாய், ஃபோர்மேனுக்கு எழுதிய கடிதம். வாயில் வந்தது வேறு.

"பாப்பாவுக்குக் கால் சுட்டுச்சுங்க."

தட்டச்சு நின்றது. எழுத்தர் தயங்கினார். "மேடம், பாப்பான்னு எழுதறதா, ஓட்டுநர்னு எழுதறதா?"

"அவர் சொன்னத அப்படியே எழுதுங்க" என்றார் அதிகாரி. பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், அக்கா தம்பியிடம் கேட்பதுபோலக் கேட்டார். "மத்த டிரைவருங்களுக்குக் கால் சுடலையா?"

அவர் தலை கவிழ்ந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஆயிரத்து நூறு ஜோடிக் கால்களில் ஒரு ஜோடியைப் பற்றி மட்டும்தான் தனக்குக் கவலை வந்தது என்பதை அந்த அறையில்தான் உணர்ந்தார். உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மகளுக்குப் பொய் வாக்குமூலத்துக்காக எழுத்து மூலம் எச்சரிக்கை, கால் குணமானதும் மறுதேர்வில் தேறினால் ஓட்டலாம். எல்லா வண்டிகளுக்கும் தரைக்கு அடியில், வெளிப்புறமாக, போல்ட் போட்டு வெப்பத் தகடு பொருத்த வேண்டும். பிரேக்கண்ணன் இனிமேல் பிரேக்கைத் தொடக் கூடாது, ஓய்வு பெறும்வரை பின்சீட்டுப் பிரிவில் வேலை. கொட்டகையில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் பழைய பேரையே சொன்னார்கள். அது அவருக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியது. மகளோ ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. தனக்காக அவர் இழந்ததை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று. மறுதேர்வில் தேறிய மகள் புது வண்டி எடுக்க ஒரு காலை நேரத்தில் பணிமனைக்கு வந்தாள். நடையில் இன்னும் லேசான சாய்வு. அவர் பின்சீட்டுப் பிரிவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். அவள் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். சாவியைத் திருகவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கையெழுத்து இல்லாத வண்டிய நான் ஓட்டினதே இல்லப்பா."

"நெட்டையன் போட்ட பிரேக்கு. வெள்ளோட்டத்த நான் சாலையோரம் நின்னு பாத்தேன். பத்துத் தடவையும் ஒரே கோட்டுல நின்னுச்சு."

"இருந்தாலும் உன்ன மாதிரி வருமா?"

அவர் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"என்னவிட நல்லா வரும்மா. வண்டிய யாரு ஓட்டப் போறாங்கன்னு அவன் கேக்கறதே இல்ல."

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் ஒட்டியது. அதைத் துடைக்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.